பட்டறைக் கேள்வி-பதில்: தாழ்ந்த கூரைக்குக் கீழே கார் லிஃப்ட்

போன மாதம் வீட்டிலேயே காரைத் தூக்கும் லிஃப்ட் வைத்துப் பழைய கார்களைப் பிரித்து மேயும் ஒரு நண்பரைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "எங்க வீட்டு கார் ஷெட்டு உயரம் கம்மி, நானும் வைக்கலாமா?" அதனால் இந்த முறை முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன். மைலேஜ் கேட்டவர்களும் பேட்டரி கேட்டவர்களும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்பா ஓட்டிய அம்பாசிடர் என்னிடம் இருக்கிறது. பணி ஓய்வு பெற்றுவிட்டதால் நானே அதைச் சரிசெய்ய ஆசை. ஆனால் 61 வயதில் கீழே படுத்து எழுந்திருக்க முதுகு விடமாட்டேன் என்கிறது. போர்டிகோவில் தரைக்கும் கூரைக்கும் 9 அடி 2 அங்குலம். குறுக்கே ஒரு பீம் 9 அங்குலம் இறங்கியிருக்கிறது. டூ போஸ்ட் லிஃப்ட் விற்பவர் "தாராளமா வைக்கலாம் சார்" என்கிறார். வைக்கலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: விற்பவர் உங்கள் பீமைப் பார்த்தாரா? பார்த்திருந்தால் "தாராளமா" என்ற சொல் வாயில் வந்திருக்காது.

டூ போஸ்ட் என்றால், இரண்டு பக்கமும் தூண் நின்று, அவற்றின் கைகள் காரைத் தூக்குவது. அதில் இரண்டு வகை உண்டு. இரண்டு தூண்களையும் தலைக்கு மேலே ஒரு சட்டத்தால் இணைப்பது ஒன்று. அதற்குப் பொதுவாக பதினொன்றரை, பன்னிரண்டு அடி வேண்டும், அதை விட்டுவிடுங்கள். இன்னொன்றில் கேபிளும் ஆயில் டியூபும் தரையில் ஒரு தகட்டுக்கு அடியில் ஓடும், மேலே ஒன்றும் இருக்காது. அதன் தூணே பெரும்பாலும் ஒன்பதே கால், ஒன்பதரை அடி வரும். உங்கள் கூரையைவிட ஓரிரு அங்குலமாவது அதிகம். கொஞ்சம் குட்டையான தூண் கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு பீரோவைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து அறைக்குள் நிமிர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பீரோவின் உயரம் மட்டும் இருந்தால் போதாது, மூலைக்கு மூலை அளவும் கூரைக்குள் அடங்க வேண்டும். அடியில் அகலமான பிளேட் வைத்த தூணுக்கும் அதே கதைதான்.

சரி, இப்போது உங்கள் வண்டியின் கணக்கைப் பார்ப்போம். அம்பாசிடரின் உயரம் ஏறக்குறைய 5 அடி 3 அங்குலம், அதாவது 63 அங்குலம். உங்கள் கூரை 110 அங்குலம். மேலே இடிக்காமல் இருக்க 4 அங்குலம் விட்டால், தூக்குவதற்கு 43 அங்குலம் மிச்சம். பீமுக்கு நேர் கீழே வண்டியின் கூரை வந்தால் இதில் 9 போய் 34 தான். ஆனால் காரின் முழு நீளமும் 63 அங்குல உயரம் இல்லையே. உயரமாக இருப்பது ஆள் உட்காரும் நடுப்பகுதி மட்டும். பானெட் நன்றாகத் தாழ்ந்திருக்கும். பீம் பானெட்டுக்கு மேலே வருகிற மாதிரி வண்டியை நிறுத்தினால் 43 அங்குலம் முழுசாக உங்களுக்குக் கிடைக்கும். பானெட்டைத் திறக்கிற வேலை எல்லாவற்றையும் வண்டி தரையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள், தூக்கியபின் அது பீமில் போய் முட்டும்.

43 அங்குலத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உட்காருங்கள். ஓர் அடி உயர ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தால் நம் ஆட்களுக்கு உச்சந்தலை ஏறக்குறைய 46 அங்குலத்தில் நிற்கும். வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து முன்னமே 6 அங்குலம் மேலே இருக்கிறது. அதோடு 43 சேர்த்தால் 49. தலைக்கு மேலே மூன்று விரல் இடம், கைக்கு நேராக இன்ஜினின் ஆயில் சம்ப். நான் முப்பது வருஷம் நின்றுகொண்டு, தலையை அண்ணாந்து வேலை பார்த்தவன். என் கழுத்து இப்போது இருக்கிற இருப்பைப் பார்த்தால் நீங்களே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வீர்கள்.

இந்த உயரத்துக்குப் பொருத்தம் சிசர் லிஃப்ட். கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரிவது. மடக்கினால் நாலு, நாலரை அங்குலத்தில் தரையோடு படுத்துவிடும். அதன் மேல் வண்டியை ஓட்டி நிறுத்தலாம். நடுத்தர ரகம் 3 முதல் 4 அடி வரை தூக்கும். ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் பின்னால் என்னைத் திட்டுவீர்கள்: லிஃப்டின் சட்டம் வண்டியின் வயிற்றுக்கு நடுவில் நிற்கும். பிரேக், சஸ்பென்ஷன், ஸ்பிரிங் பட்டை, ஆயில் மாற்றுவது எல்லாம் சுகம். கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதிலிருந்து பின் சக்கரத்துக்கு ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும் என்றால் அந்தச் சட்டம் குறுக்கே நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கும். அம்பாசிடரில் அந்த வேலை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும்? அன்றைக்கு ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இன்னொன்று. அம்பாசிடருக்கு ஜீப் மாதிரி தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேஸிஸ். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு துருப்பிடித்திருந்தால், லிஃப்டின் ரப்பர் கட்டை உள்ளே அமுங்கிக்கொண்டு போகும். முதலில் ஒரு ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் அந்தத் தகட்டை நெடுகத் தட்டிப் பாருங்கள். "டங்" என்றால் நல்லது. "பொத்" என்று கேட்டால், லிஃப்டுக்கு முன்னால் வெல்டரைக் கூப்பிடுங்கள்.

ஆங், சீலிங் ஃபேன். உங்கள் கடிதத்தில் ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போர்டிகோவில் ஃபேன் இருந்தால் உங்கள் 110 அங்குலம் 110 அல்ல.

கேள்வி: எங்கள் வீட்டில் உயரத்துக்குக் குறைவில்லை, பத்தரை அடி இருக்கிறது. தரைத்தகடு உள்ள டூ போஸ்ட் தாராளமாக நிற்கும் என்று அளந்து பார்த்துவிட்டேன். கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே தண்ணீர் சம்ப் இருக்கிறது. அதனால் ஏதாவது தொந்தரவு வருமா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: வரும். வைக்காதீர்கள். இவ்வளவுதான் பதில், ஆனால் உங்களைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் கூரையை மட்டும் அளந்து எழுதியிருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் வீடு கட்டும்போது சம்ப், செப்டிக் டேங்க் இரண்டில் ஒன்றாவது கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் போகிறது. வேறு இடம் கிடையாது. அதன் மேல் மூடி ஸ்லாப் 4, 5 அங்குலம் இருக்கும். கார் நாலு சக்கரத்தில் நிற்பதை அது தாங்கும். லிஃப்ட் தூண் நிற்பது வேறு சங்கதி.

ஒரு குடம் தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வலி விரலில் வராது, தோளில் வரும். டூ போஸ்ட்டில் தூணின் கைகள் அப்படித்தான் நீண்டு காரைப் பிடித்திருக்கின்றன. தோள் எங்கே என்றால், தரையில் இறக்கிய போல்ட்டில். 1150 கிலோ வண்டி என்றால் ஒரு தூணுக்கு 575 கிலோ. தூணிலிருந்து காரைத் தாங்கும் இடம் முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அடித்தகட்டின் அகலமோ 40 சென்டிமீட்டர் சுமார். கணக்குப் போட்டால் பின்பக்கத்துப் போல்ட்டுகளை மேலே பிடுங்கும் இழுவை ஒரு டன்னைத் தொடும். எடை கீழே அழுத்துகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, பின் போல்ட்டுகளுக்கு நடப்பது நேர் எதிர். அதைத் தாங்க வேண்டியது அந்த 4 அங்குல மூடி. போதாததற்கு, போல்ட்டுக்காகப் போட்ட துளை வழியாகத் தரை கழுவின தண்ணீர் உங்கள் குடிதண்ணீரில் இறங்கும்.

சம்ப் இல்லாதவர்களுக்கும் நிம்மதி கிடையாது. நான் முதன்முதலில் என் வீட்டு ஷெட்டில் தூண் நிறுத்தியபோது, பார்க்கிங் டைல்ஸ் பளபளவென்று இருந்ததைப் பார்த்துத் தரை பலமானது என்று நம்பிவிட்டேன். பட்டறையில் பத்து லிஃப்ட் பார்த்தவன் என்ற திமிர் வேறு. துளை போட்டு 19 எம்எம் ஆங்கர் போல்ட்டை இறக்கி ஸ்பானரைச் சுற்றினேன். இறுகிக்கொண்டே வந்தது, அப்புறம் திடீரென்று லேசாகிவிட்டது. சுற்றச் சுற்றச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிடித்து இழுத்தால், ஓர் ஓட்டாங்கச்சி அளவு சிமெண்டுக் கட்டியோடு போல்ட் கையில் வந்துவிட்டது. உடைந்த இடத்தில் பார்த்தால் மேலே டைல்ஸ், அதன் கீழே ஒட்டுவதற்குப் போட்ட மணல் கலவை ஒன்றரை அங்குலம், அதன் கீழே மூன்று அங்குலத்துக்குக் கம்பி இல்லாத பெரிய ஜல்லிக் கான்கிரீட், அதற்கும் கீழே செம்மண். நல்லவேளை, வண்டி ஏற்றுவதற்கு முன்பே பிடுங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது, ஒரு துளை போட்டுப் பாருங்கள் என்பதுதான். 10 எம்எம் டிரில் பிட்டில் அங்குலத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொண்டு மெதுவாக இறக்குங்கள். கண் பிட்டில் இருக்க வேண்டாம், வெளியே வரும் தூளில் இருக்கட்டும். வெள்ளையாக வந்தால் டைல்ஸ். பழுப்பாகப் பொலபொலவென்று வந்தால் மணல் கலவை. நல்ல சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வந்து, நடுநடுவே பிட் கல்லில் முட்டித் துள்ளினால் அதுதான் கான்கிரீட். பிட் சட்டென்று உள்ளே வழுக்கினால் மண். சாம்பல் தூள் வந்த அளவு மட்டும்தான் உங்கள் தரை. அதுவே 4 அங்குலத்துக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. 6 அங்குலம், அதுவும் எம் 25 ரகக் கான்கிரீட் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

இல்லாவிட்டால் தரையைப் பெயர்த்துவிட்டு, இரண்டு தூணும் நிற்கிற மாதிரி 12 அடிக்கு 4 அடி ஒரே பட்டையாக, 8 அங்குலம் கனத்தில், 12 எம்எம் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுங்கள். இது நான் போடும் அளவு. உங்கள் லிஃப்டோடு வரும் தாளில் இதைவிட அதிகம் கேட்டிருந்தால் அதையே செய்யுங்கள். போட்டபின் 28 நாள் கழித்துத்தான் போல்ட். "ஒரு வாரத்துல செட்டாயிரும்ணே" என்று மேஸ்திரி சொல்வார். அவர் லிஃப்டுக்கு அடியில் படுக்கப் போவதில்லை.

இவ்வளவையும் சம்ப் இல்லாதவர்களுக்குச் சொன்னேன். தாம்பரத்துக்காரரே, உங்களுக்குப் பத்தரை அடி இருந்தும் அது பயன்படாது. சம்ப்பைத் தாண்டி வீட்டுச் சுவர் பக்கம் இடம் கிடைத்தால் மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: பீமின் அடியில் மூன்று அங்குலம் கொத்தி எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். லிஃப்ட் தூணை மேலே பத்து அங்குலம் வெட்டிவிடலாம் என்கிறார் லேத் பட்டறைக்காரர். எது நல்லது?
(வாசகர், திருப்பூர்)

பதில்: இரண்டு பேரிடமும் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். பீமின் கனத்தைத் தாங்கும் முக்கியக் கம்பியே அதன் அடிப்பக்கத்தில், ஓர் அங்குலம் உள்ளே ஓடுகிறது. மூன்று அங்குலம் கொத்தினால் கம்பிதான் முதலில் வெளியே வரும், அப்புறம் மாடி. தூணை வெட்டினால் உள்ளே இருக்கும் சிலிண்டரின் ஓட்டம் குறையாது. கேபிள் போகும் கப்பி உட்கார இடமும் இருக்காது. தூண் முடிந்த இடத்துக்கு மேலேயும் சிலிண்டர் தள்ளப் பார்க்கும்.

ஷெட் கூரை தகரமாக இருந்தால் வேறு பேச்சு. பைப்பை நீட்டி இரண்டு அடி உயர்த்திக்கொள்ளலாம், லிஃப்ட் வாங்கும் செலவில் அது சின்னது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் துளை போடுவதோ உடைப்பதோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குச் சத்துரு. முழு ஷீட்டாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அபார்ட்மெண்டில் தரைத்தள பார்க்கிங்கில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே வைக்கலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: சங்கத்தில் கேட்டால் முடியாது என்பார்கள். கேட்காவிட்டாலும் முடியாது என்று நான் சொல்கிறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் மாருதி 800-ஐ ஹைட்ராலிக் ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் போய்ப் படுத்துவிடுகிறார். நான் கத்தினால், "லிஃப்ட் வாங்கித் தா, கத்தாதே" என்கிறார். லிஃப்ட் வந்தால் வாஷிங் மெஷினை எங்கே வைப்பது என்பது ஒருபுறம். எது பாதுகாப்பு என்று நீங்களாவது சொல்லுங்கள்.
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: கத்துங்கள் அம்மா, விடாமல் கத்துங்கள். ஜாக்கிக்குள் வண்டியைத் தாங்குவது கொஞ்சம் ஆயிலும் ஒரு ரப்பர் சீலும்தான். அந்தச் சீல் எப்போது விடும் என்று அதற்கே தெரியாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். நாலு ஸ்டாண்ட் வாங்கி அவர் கையில் கொடுங்கள். லிஃப்ட் விலையில் அது ஒரு சின்னப் பங்குதான். 800-இன் எடை ஏறக்குறைய 650 கிலோ. கதவுக்குக் கீழே தகடு மடிந்திருக்கும் விளிம்பில், முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் இரண்டு வெட்டுக் குறி இருக்கும். ஜாக்கி அங்கேதான் போட வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்தியபின் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடியும்.

லிஃப்ட் வந்தாலும் இதே விதிதான் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். ஏற்றும்போது உள்ளே "டக், டக்" என்று சத்தம் வரும். அது இரும்புக் கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டுகிற சத்தம். வேண்டிய உயரம் வந்ததும் அப்படியே விட்டுவிட்டு அடியில் போகக் கூடாது. கொஞ்சம் இறக்கி, அந்தக் கொக்கி பல்லில் உட்கார்ந்தபிறகுதான் போக வேண்டும். அதற்குப் பின் வண்டியைத் தாங்குவது இரும்பு, ஆயில் அல்ல. சத்தம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வருகிறதா என்று நீங்கள் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: தாத்தா காலத்தில் ஷெட்டில் வெட்டிய குழி ஒன்று மண் போட்டு மூடிக் கிடக்கிறது. கூரை எட்டரை அடிதான். லிஃப்டுக்குப் பதில் அதையே தோண்டி எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கம் மண் காய்ந்தது, குழி நிற்கும். இதையே ஆற்றோரத்தில் ஒருவர் கேட்டிருந்தால் ஐப்பசியில் மீன் வளர்க்கச் சொல்லியிருப்பேன். எட்டரை அடிக் கூரைக்குக் குழி நல்ல வழிதான். அகலம் இரண்டரை அடிக்கு மேல் போகாதீர்கள். சின்னக் காரில் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் உள்ளே இருக்கும் இடைவெளியே மூன்றரை அடிதான். பக்கச் சுவர் செங்கல்லோ கான்கிரீட்டோ வேண்டும், வெறும் மண்ணாக விடக் கூடாது. வேலை இல்லாதபோது கனமான பலகையால் மூடி வையுங்கள், வீட்டில் குழந்தைகள் வருவார்கள்.

ஒரே ஒரு பயம் இருக்கிறது, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். டியூபில் ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த ஆவி தண்ணீர் மாதிரி இறங்கிக் குழியின் அடியில் தேங்கும். எல்பிஜி போட்ட வண்டியிலும் அதே கதை. அந்தக் காலத்தில் குழிக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டு வேலை பார்ப்பார்கள். பல்பு உடைந்தால் ஒரு பொறி போதும். குழிக்குள் ஸ்விட்ச், பிளக் எதுவும் வேண்டாம். தலையில் மாட்டும் பேட்டரி லைட்கூட நல்லதாக, மூடியதாக இருக்கட்டும். பெட்ரோல் டியூப், டேங்க் வேலையைக் குழி மேல் வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

கேள்வி: லிஃப்ட் வாங்கியாயிற்று, சிசர் ரகம். மோட்டார் 3 எச்பி, சிங்கிள் பேஸ். ஸ்விட்ச் போட்டால் வீட்டில் எம்சிபி விழுகிறது. ஒருநாள் வண்டி மேலே இருக்கும்போது கரண்டே போய்விட்டது, இறக்க முடியவில்லை.
(வாசகர், மதுரை)

பதில்: 3 எச்பி மோட்டார் ஓடும்போது 15 ஆம்பியர் போல இழுக்கும். கிளம்புகிற நொடியில் ஐந்தாறு மடங்கு. ஏசிக்குப் போகும் லைனில் அதைச் செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் தனி லைன், எர்த்தோடு. எம்சிபி சி டைப்போ டி டைப்போ, எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும். ஆம்பியரை மட்டும் கூட்டி மாட்டிவிடாதீர்கள், ஒயர் சூடாகும். இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால் இறங்காததற்குக் காரணம், வண்டி கொக்கியில் உட்கார்ந்திருப்பதுதான். அரை அங்குலம் மேலே தூக்கினால்தான் கொக்கி விலகும், தூக்க மோட்டார் வேண்டும். சில லிஃப்டில் கையால் அடிக்கும் சின்ன பம்ப் இருக்கும், மோட்டார் இருக்கும் பவர் யூனிட்டின் பக்கவாட்டில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கரண்ட் வரும்வரை காத்திருங்கள். பக்கத்து வீட்டு ஜாக்கியைக் கொண்டுவந்து வண்டியை ஒரு பக்கம் மட்டும் தூக்கிக் கொக்கியைத் தட்டிவிடும் வித்தை வேண்டாம். கொக்கியில் நிற்கிற வண்டி அங்கேயே ஒரு ராத்திரி நின்றாலும் ஒன்றும் ஆகாது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஹைட் கம்மி. எந்த லிஃப்ட் நல்லது?
(வாசகர், கரூர்)

பதில்: ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள், நான் என்ன சொல்ல? டேப்பை எடுத்து இதையெல்லாம் அளந்து எழுதுங்கள்: தரையிலிருந்து பீமின் அடிவரை உயரம், ரோலிங் ஷட்டர் இருந்தால் அதன் பெட்டி எவ்வளவு கீழே தொங்குகிறது, என்ன வண்டி, அதன் கூரை உயரம். தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை வாசல் பக்கம் சரித்திருப்பார்கள். மேஸ்திரிகள் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் டியூப் லெவலில் பிடித்து அந்தச் சரிவு எத்தனை அங்குலம் என்பதையும் பாருங்கள். கூடவே, நான் மேலே சொன்ன துளையைப் போட்டு, சாம்பல் தூள் எத்தனை அங்குலம் வந்தது என்று எழுதுங்கள். கீழே சம்ப் எங்கே இருக்கிறது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டுத் துளை போடுங்கள்.